எலும்பு கூடிருச்சு, நடை எப்போது கூடும்?

கேள்வி: நான் 47 வயது பள்ளி ஆசிரியை. ஐப்பசி மழையில் கிணற்றடிப் பாசி வழுக்கி விழுந்ததில் வலது கணுக்கால் இரண்டு பக்கமும் முறிந்துவிட்டது. வீக்கம் வடியட்டும் என்று காத்திருந்து ஆறாம் நாள் ஆபரேஷன் செய்தார்கள். வெளிப்பக்கம் பிளேட், உள்பக்கம் இரண்டு ஸ்குரூ. ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றவே இல்லை. இப்போது 14 வாரம் ஆகிறது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் "எலும்பு கூடிருச்சு, நல்லா நடங்க" என்று அனுப்பிவிட்டார். ஆனால் காலையில் எழுந்து முதல் பத்தடி வைக்க உயிர் போகிறது. படி இறங்க முடியவில்லை, இந்தியன் டாய்லெட்டில் உட்கார முடியவில்லை, சாயங்காலம் செருப்பு வார் மாட்ட முடியாத அளவுக்கு வீங்குகிறது. தொங்கப் போட்டால் கால் கருநீலமாகிறது, மேல்பாதம் மரத்துக் கிடக்கிறது. நரம்பு பிசகியிருக்கும், புத்தூர் கட்டு போடுகிற இடத்தில் எண்ணெய் விட்டு உருவினால் சரியாகும் என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டுப் பையன் இதே கணுக்கால் முறிவிலிருந்து இரண்டே மாதத்தில் கிரிக்கெட் ஆடப் போய்விட்டான். எனக்கு மட்டும் ஏன் இப்படி? ஸ்கூட்டி எப்போது ஓட்டலாம்? பிளேட்டை எடுக்க வேண்டுமா?

பதில்: வணக்கம் டீச்சர். உங்களுக்கு மட்டும் இல்லை. நீங்கள் எழுதியிருப்பதில் முக்கால்வாசி, கணுக்கால் முறிந்து மூன்றரை மாதமான யாரைக் கேட்டாலும் சொல்வதுதான். இதையெல்லாம் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போதே யாராவது பத்து நிமிடம் உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். "எலும்பு கூடிருச்சு, நடங்க" என்ற ஒற்றை வரியோடு ஆளை அனுப்பிவிடுவது நம் ஊரில் பழக்கமாகிவிட்டது. பிசியோதெரபிஸ்டாக எனக்கு அதில் நிறைய வருத்தம் உண்டு. டாக்டர் சொன்னது பொய்யில்லை. ஆனால் எலும்பு கூடுவது ஒரு கணக்கு, கால் தேறுவது வேறு கணக்கு. முதலாவது மூன்று மாதத்தில் ஏறக்குறைய முடிகிறது, இரண்டாவது அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

பக்கத்து வீட்டுப் பையனை முதலில் விட்டுவிடுவோம். கணுக்கால் முறிவு என்று எல்லோரும் ஒரே பேரில் சொன்னாலும் உள்ளே ஏகப்பட்ட வகை. கணுக்காலில் துருத்தி நிற்கிற வெளிப்பக்கத்து மொளியின் நுனி மட்டும் லேசாக விரிசல் விட்டு, மூட்டு அசையாமல் நிற்கிற வகையில் ஆபரேஷனே தேவைப்படாது. மாவுக்கட்டோ பூட்ஸோ போட்டுக்கொண்டு அடுத்த நாளே ஊன்றி நடக்கிறவர்களும் உண்டு. அவனுக்கு அப்படித்தான் இருந்திருக்கும், வயதும் அவன் பக்கம். உங்களுக்கு உள்மொளி, வெளிமொளி இரண்டும் போயிருக்கிறது. அதாவது முழங்காலுக்குக் கீழே இருக்கிற இரண்டு எலும்புகளின் அடிமுனைகளும் சேர்ந்து ஒரு கதவு நிலை மாதிரி நிற்க, அதற்குள் பாத எலும்பு ஒன்று கச்சிதமாக உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடுகிறதே, அந்த நிலைச் சட்டமே இரண்டு பக்கமும் கழன்றுவிட்டது. இப்படி ஆனால் உள்ளே இருக்கிற எலும்பு இடம் நகர்ந்துவிடும். 1976இல் ராம்சே, ஹாமில்டன் என்ற இரண்டு பேர் அளந்து பார்த்தார்கள். அந்த எலும்பு ஒரே ஒரு மில்லிமீட்டர் வெளிப்பக்கம் நகர்ந்தாலே மூட்டில் எலும்பும் எலும்பும் தொடுகிற பரப்பு 42 சதவீதம் குறைந்துபோனது. அத்தனை பாரமும் மிச்சமுள்ள கொஞ்ச இடத்தில் விழுந்தால் பிற்காலத்தில் அந்த மூட்டு தேய்ந்துதான் போகும். பிளேட்டும் ஸ்குரூவும் எதற்கு என்றால் இதற்குத்தான். கட்டு மட்டும் போட்டிருந்தாலும் எலும்பு எப்படியோ கூடியிருக்கும், இடம் மாறிக் கூடியிருக்கும்.

ஆபரேஷனுக்கு ஆறாம் நாள்வரை காத்திருந்தார்களே, அதையும் நல்லதுக்கென்றே வையுங்கள். வீக்கம் தோலை இழுத்துப் பிடித்திருக்கும்போது வெட்டித் தைத்தால் புண் ஆறாது. தோலில் சுருக்கம் விழுகிறதா என்று பார்த்துத்தான் சர்ஜன் தேதி குறிப்பார்.

சரி, உள்ளே இத்தனை நாளும் என்ன நடந்தது? முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டி, அழற்சி வந்து, உடைந்த துகள்களை உடம்பே கூட்டித் துப்புரவாக்குகிறது. முதல் வாரத்து வலியும் சூடும் வீக்கமும் அந்த வேலையின் பக்க விளைவுதான். அப்புறம் குருத்தெலும்பு மாதிரி மெத்தென்ற ஒரு பூச்சு வந்து இரண்டு முனைகளையும் பிடிக்கிறது, அதில் சுண்ணாம்புச் சத்து ஏறி ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் கெட்டிப்படுகிறது. இது கட்டுப் போட்டு ஆற்றுகிற முறிவின் கதை. உங்களுக்கு மாதிரி பிளேட் வைத்து அசையாமல் இறுக்கினால் அந்தப் பூச்சு பெரிதாக உருண்டு திரள்வதில்லை, முனையும் முனையும் நேராகவே ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் சிலருக்கு எக்ஸ்ரேயில் முறிவுக் கோடு மாதக்கணக்கில் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், எக்ஸ்ரே எப்போதும் நிஜத்துக்கு ஒரு சுற்றுப் பின்னால்தான் வரும். கூடின பிறகும் எலும்பு சும்மா இருப்பதில்லை. எந்தப் பக்கம் பாரம் விழுகிறதோ அந்தப் பக்கம் தன்னைத் தடித்துக்கொண்டு, பாரம் விழாத இடத்தைக் கரைத்துக்கொண்டு, மாதங்கள் வருடங்களாகத் தன்னைத் திருத்திக்கொண்டே போகும். நடந்தால்தான் அதற்கு எங்கே தடிக்க வேண்டும் என்று தெரியும்.

ஆறு வாரம் ஊன்றாமல் இருந்தீர்கள். எலும்பைக் காப்பாற்றச் செய்தது, ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து கெண்டைக்காலை ஓர் அளவு நாடாவால் சுற்றி அளந்து பாருங்கள், வலது பக்கம் சிறுத்திருக்கும். மூட்டைச் சுற்றியிருக்கிற உறை சுருங்கி இறுகியிருக்கும், குதிகால் நரம்பு என்று நாம் சொல்கிற பெரிய தசைநார் விறைத்திருக்கும். மூட்டுக்குள் இருக்கிற குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது, அசைவில் உள்ளே சுற்றி வருகிற நீர்தான் அதற்குச் சாப்பாடு. அசைவே இல்லாவிட்டால் பட்டினி. காலையில் முதல் பத்தடி ஏன் உயிர் போகிறது, கொஞ்சம் நடந்ததும் ஏன் இளகுகிறது என்பதற்கும் அசைவுதான் பதில். (எல்லோரையும் இப்படி ஆறு வாரம் ஊன்றாமல் வைக்க வேண்டுமா என்பதே இப்போது கேள்வியாகிவிட்டது. பிரிட்டனில் கணுக்கால் ஆபரேஷன் செய்த 561 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2024இல் லான்செட் இதழில் வந்தது. இரண்டாம் வாரமே ஊன்றத் தொடங்கியவர்கள், ஆறாம் வாரம் தொடங்கியவர்களுக்கு எந்த விதத்திலும் குறைந்துபோகவில்லை. ஆனால் எலும்பின் தரம், சர்க்கரை, முறிவின் வகை பார்த்து உங்கள் சர்ஜன் முடிவெடுத்திருப்பார், அது முடிந்த கதை.)

வீக்கத்துக்கு வருகிறேன். கணுக்கால் முறிவுக்குப் பிறகு ஆறு மாதம்வரை, சிலருக்கு ஒரு வருடம்வரைகூட, சாயங்கால வீக்கம் இருக்கும். காலையில் வடிந்து மாலையில் ஏறினால் அது பயப்படுகிற வீக்கம் இல்லை. காலிலிருந்து ரத்தத்தை மேலே தள்ளுகிற பம்ப் கெண்டைக்கால் சதைதான். அது சிறுத்துக் கிடப்பதால் தள்ள ஆள் இல்லை, அவ்வளவுதான். தொங்கப் போட்டால் கருநீலமாகிறது என்பதும் பெரும்பாலும் இதே கணக்குத்தான், காலைத் தூக்கி வைத்ததும் நிறம் திரும்பினால் கவலையில்லை. ஆனால் நீங்கள் ஸ்டாஃப் ரூமில் காலை ஸ்டூலில் தூக்கி வைத்தால் போதாது. வீட்டுக்கு வந்ததும் மல்லாந்து படுத்து, கால் நெஞ்சுக்கு மேலே இருக்கிற மாதிரி இரண்டு தலையணை அடுக்கி, அப்படியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு இருபது நிமிடம். பகலில் இறுக்கமான எலாஸ்டிக் காலுறை, படுக்கும்போது கழற்றிவிடுங்கள். வகுப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடம் எடுக்க ஹெச்.எம்.மிடம் சொல்லிவிடுங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மேல்பாதம் மரத்திருப்பது: வெளிப்பக்கம் பிளேட் வைக்க வெட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் மேல்பாதத்துக்கு உணர்ச்சி கொண்டுபோகிற நரம்பு ஓடுகிறது. ஆபரேஷனில் அது இழுபட்டிருந்தால் மாதக்கணக்கில் மரமரப்பு இருக்கும், மெல்ல மெல்லத் திரும்பும், சிலருக்குக் கையகல இடம் அப்படியே நின்றும்விடும். நடையை அது கெடுக்காது. அடுத்த தடவை போகும்போது சர்ஜனிடம் காட்டிவிடுங்கள். மாமியார் சொல்கிற மாதிரி பிசகின நரம்பு என்று எதுவும் அங்கே இல்லை. அவரிடம் மரியாதையாகவே சொல்லுங்கள், பிளேட்டும் ஸ்குரூவும் உள்ளே இருக்கிற காலைப் பிடித்து இழுத்து உருவுவதில் ஒரு நன்மையும் கிடையாது, தையலும் தோலும் கெடுவதுதான் மிச்சம். ஆறிய தழும்பின் மேல் நீங்களே தேங்காயெண்ணெய் தொட்டு விரலால் வட்டமாகத் தேய்ப்பது வேறு விஷயம், தழும்பு அடியில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அது நல்லது, தினமும் செய்யுங்கள்.

இனி முக்கியமான விஷயம். படி இறங்க முடியாததும் டாய்லெட்டில் குந்த முடியாததும் இரண்டு வியாதி இல்லை, ஒரே குறை: பாதம் மேல்நோக்கி மடங்கவில்லை. சமதளத்தில் நடக்கப் பத்து டிகிரி போல மடங்கினால் ஒப்பேற்றிவிடலாம், படி இறங்க அதைப்போல இரண்டு மடங்கு வேண்டும், குதிகால் தரையில் பதியக் குந்துவதற்கு அதைவிடவும் அதிகம் வேண்டும். வீட்டிலேயே அளந்துவிடலாம். சுவரைப் பார்த்து நில்லுங்கள். பெருவிரல் சுவரைத் தொடுகிற மாதிரி வைத்து, குதிகாலைத் தூக்காமல் முழங்காலை மடக்கிச் சுவரைத் தொடுங்கள். தொட்டால் பாதத்தைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி மறுபடி. குதிகால் எழும்பாமல் முழங்கால் சுவரைத் தொடுகிற கடைசி இடத்தில், பெருவிரலுக்கும் சுவருக்கும் எத்தனை சென்டிமீட்டர் என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். முதலில் இடது காலில், பிறகு வலது காலில். இடது காலில் பத்து வந்து வலது காலில் இரண்டு வந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். ஒவ்வொரு சென்டிமீட்டரும் மூன்றரை டிகிரிக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவை வாரத்துக்கு ஒரு முறை நாள்காட்டியில் குறித்து வையுங்கள், தினமும் அளந்தால் மனசு விட்டுப்போகும். அளக்கிற அதே அசைவுதான் பயிற்சியும்: காலையில் வெந்நீர்ப் பக்கெட்டில் பத்து நிமிடம் காலை வைத்து இளக்கிக்கொண்டு, முழங்காலைச் சுவர் பக்கம் மெதுவாகத் தள்ளி முப்பது வினாடி பிடித்து விடுங்கள், ஒரு வேளைக்கு ஐந்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. பின்பக்கம் கெண்டைக்காலில் இழுப்பு தெரியலாம். மூட்டின் முன்பக்கம் எதுவோ நறுக்கென்று இடித்து நிற்கிற மாதிரி இருந்தால் அதற்கு மேல் தள்ளாமல் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள், மூட்டைக் கையால் நகர்த்தி இளக்கித்தான் அதைத் தாண்ட வேண்டியிருக்கும்.

அடுத்தது கெண்டைக்கால் சதை. அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலிலும் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். எல்லோரும் செய்கிற திருட்டுத்தனம், பாரத்தை நல்ல காலில் போட்டுக்கொண்டு அடிபட்ட கால் சும்மா கூட எழும்புவது. பக்கவாட்டில் கண்ணாடி வைத்தாலோ மகளை நிறுத்தினாலோ மாட்டிக்கொள்வீர்கள். இருபது தடவை ஒழுங்காக வந்த பிறகு இரண்டு காலில் ஏறி ஒற்றைக் காலில் இறங்குங்கள். கடைசியில் ஒற்றைக் காலிலேயே ஏறி இறங்குவது, அது வர உங்களுக்கு இன்னும் மூன்று மாதம் ஆனாலும் தப்பில்லை. பல் தேய்க்கும்போது வாஷ்பேசினைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள். முறிவில் சதை மட்டும் இல்லை, கால் எந்தக் கோணத்தில் தரையில் பதிகிறது என்று மூளைக்குச் சொல்கிற நுணுக்கமும் மழுங்கிப்போகிறது. அதைத் தேற்றாமல் விட்டால் கல்லும் மேடுமான இடத்தில் மறுபடி மறுபடி பாதம் மடங்கும்.

ஒரு பழக்கத்தை இப்போதே வெட்டிவிடுங்கள். பாதம் மடங்காதவர்கள் காலை வெளிப்பக்கம் திருப்பி வைத்து அதன்மேல் உருண்டு போய்விடுவார்கள். வலியில்லாமல் சீக்கிரம் நடக்கிற மாதிரி தோன்றும், ஆறு மாதம் கழித்து முழங்காலும் இடுப்பும் வலிக்கிறது என்று வந்து நிற்பார்கள். பெருவிரல் முன்னே பார்க்க, குதிகால் முதலில் பதிந்து, கடைசியில் விரல் தள்ளி எழ வேண்டும், அதற்காக அடியைச் சின்னதாக வைத்தாலும் பரவாயில்லை. நொண்டாமல் நடக்க முடியாதென்றால் ஸ்டிக் பிடியுங்கள், அதுவும் இடது கையில். அடிபட்ட கால் பக்கமே பிடிப்பதுதான் பாதிப் பேர் செய்கிற வேலை. படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். டாய்லெட்டுக்கு இப்போதைக்கு நாற்காலி மாதிரி வைக்கிற கமோட் ஸ்டூல் மெடிக்கலில் கிடைக்கும், வாங்கிவிடுங்கள், கதவைப் பிடித்துத் தொங்கி எழுவது ஆபத்து.

சாப்பாடு பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் வீட்டில் ஆட்டுக்கால் சூப் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று தெரியும். குடியுங்கள், ருசியாக இருக்கும். எலும்புக்குக் கால்சியம் அதில் வருகிறது என்று மட்டும் நம்ப வேண்டாம், எலும்பைக் கொதிக்க வைத்தால் அதிலிருந்து இறங்குகிற கால்சியம் மிகக் கொஞ்சம். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. பால், தயிர், முள்ளோடு சாப்பிடுகிற நெத்திலி, முட்டை, பருப்பு இவை போதும். 47 வயதில், சாதாரணமாக வழுக்கி விழுந்ததில் இரண்டு பக்கமும் முறிந்திருக்கிறது என்பதால், வைட்டமின் டி அளவும் சர்க்கரையும் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. மாதவிடாய் நின்றிருந்தால் எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள். வீட்டில் யாராவது புகை பிடித்தால் அவரை வெளியே அனுப்புங்கள்.

ஸ்கூட்டி விஷயத்தில் எல்லோரும் ஓட்டுவதைப் பற்றியே யோசிக்கிறார்கள். பிரேக் இரண்டும் கையில் இருப்பதால் ஓட்டுவது சுலபம். சிக்னலில் திடீரென்று நிறுத்தும்போது வண்டி வலது பக்கம் சாய்ந்தால் அந்த நூறு கிலோவையும் தாங்கப்போவது உங்கள் வலது கால். மெயின் ஸ்டாண்ட் போட மிதிப்பதும் வலது காலால்தான். வலது காலில் மட்டும் பத்து வினாடி ஆடாமல் நிற்க வருகிறதா, நொண்டாமல் தெருமுனைவரை போய்வர முடிகிறதா, திடுமென்று காலை ஊன்றினால் வலிக்காமல் தாங்குகிறதா, மூன்றுக்கும் ஆமாம் என்றால் முதலில் வண்டியை நிறுத்தி வைத்தே ஏறி இறங்கிப் பாருங்கள். அதுவரை ஆட்டோ.

பிளேட்டை எடுத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உள்ளேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடுவதுதான் பெரும்பாலும் வழக்கம். வெளிமொளிமேல் சதை அதிகம் கிடையாது, தோலுக்கு அடியிலேயே பிளேட் கையில் தட்டுப்படும், செருப்பு வார் அந்த இடத்தில் உரசினால் சிலருக்கு வாழ்க்கையே வெறுத்துப்போகும். அப்படி ஆனால் ஒரு வருடம் கழித்து எடுத்துக்கொள்ளலாம். முதலில் வாரை மாற்றிப் பாருங்கள், பின்பக்கம் பிடிப்புள்ள, அடி கெட்டியான செருப்போ ஷூவோ போடுங்கள், ஹவாய் செருப்பு இப்போதைக்கு வேண்டாம்.

எப்போது பழையபடி ஆவேன் என்று கேட்கிறீர்கள். முதல் ஆறு மாதம் மாற்றம் கண்ணுக்குத் தெரியும், அதற்குப் பிறகு வேகம் குறையும், ஒரு வருடம் தாண்டியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும். நீங்கள் சொன்ன வகை முறிவில் நூற்றுக்கு நூறு திரும்பாதவர்களும் இருக்கிறார்கள். குளிர் நாளில் கொஞ்சம் விறைப்பு, ரொம்ப தூரம் நடந்தால் லேசாக வீக்கம், சம்மணம் போட்டால் ஓரத்தில் ஒரு குத்தல் என்று ஏதாவது ஒன்று மிச்சம் நிற்கலாம். வேலை, கோயில், கடைவீதி, படி எல்லாம் பெரும்பாலும் திரும்பிவிடும், ஆனால் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது கால் அடிபட்டதே மறந்திருக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

பயிற்சி சரியாகப் போகிறதா என்பதற்கு என் கணக்கு இது: செய்த அன்று வலித்து மறுநாள் காலை பழைய அளவுக்கு வந்துவிட்டால் அளவு சரி, மறுநாளும் கூடுதல் வலி, கூடுதல் வீக்கம் என்றால் பாதியாகக் குறையுங்கள். ஆனால் கெண்டைக்கால் மட்டும் தனியாக வீங்கிச் சூடாகி அமுக்கினால் வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம், அந்த நிமிடமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தழும்பில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, குறைந்துகொண்டு வந்த வலி திடீரென்று ஏறினாலோ, புடவை உரசினாலே எரிகிற அளவுக்குப் பாதம் கூசி நிறமும் சூடும் மாறினாலோ ஓரிரு நாளுக்குள் சர்ஜனைப் பாருங்கள். இது எதுவும் இல்லாவிட்டால் ஒரு மாதம் கழித்துப் போனால் போதும். போகும்போது சுவர் அளவு குறித்த நாள்காட்டியையும் எடுத்துப் போங்கள். மூட்டு இடைவெளி சமமாக இருக்கிறதா, இரண்டு எலும்பையும் சேர்த்துப் பிடிக்கிற ஸ்குரூ ஏதாவது போட்டிருக்கிறதா, இருந்தால் அதை எடுக்க வேண்டுமா என்று இந்த மூன்றை மட்டும் கேட்டு எழுதி வாங்கி வந்து, பக்கத்தில் இருக்கிற பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.